நோய் நிர்ணயமே முதல்

முதுகெலும்பைக் கையால் அழுத்தித் திருத்திப் பிணி தீர்க்கலாமென்று 1895ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டாவன்போர்ட் நகரில் டானியல் டேவிட் பாமர் தொடங்கிய கைரோபிரக்டிக் என்னும் சிகிச்சைமுறை, மனிதரோடு நில்லாது குதிரைக்கும் நாய்க்கும் பரவியபோது, அதனை யார் செய்யலாம், யாருடைய பொறுப்பிற் செய்யலாம் என்னும் வினாவுக்கு அந்நாட்டு மாநிலங்கள் வெவ்வேறு விடை கூறின. கலிபோர்னியா, மிருக வைத்தியர் ஒருவர் பிராணியைப் பரிசோதித்துத் தீங்கு நேராதென்று நிர்ணயித்த பின்னர், அவருடைய மேற்பார்வையிலேயே அச்சிகிச்சை நடைபெறலாமென விதித்தது. பிரித்தானியாவும் மிருக வைத்தியரின் வழிகாட்டலின் கீழேயே அதனை அநுமதிக்கிறது.

இது கடல் கடந்த விவகாரமென்று புத்தளத்தில் மிருக வைத்தியத் தொழில் புரியும் நாம் ஒதுக்கிவிடலாகாது. கைரோபிரக்டிக் என்னும் பெயரை எமது கிராமங்கள் அறியாவிடினும், சிலாபம் முதல் கற்பிட்டி வரையிலான கரையோரத்தில், எழும்பாத பசுவுக்கு இடுப்பு விலகிவிட்டதென்று நீவிவிடுவதும், வாகனம் மோதிய கழுதையின் காலை இழுத்துக் கட்டுவதும், நொண்டும் எருதுக்குச் சூடு போடுவதும் இன்றும் வழக்கிலுள்ளவை. இவற்றைச் செய்வோரிற் பலர் பரம்பரை அநுபவமும் பிராணிகளிடத்துப் பரிவும் உடையவர்கள். அவர்களை அவமதிப்பது எமது நோக்கமன்று. ஆயினும், கையின் திறமை எவ்வளவு உயர்ந்ததாயினும், நோயை நிர்ணயிக்கும் அறிவு அதற்கு முன்னே செல்லாவிடில் அத்திறமையே அபாயமாகும்.

முந்தல் பக்கத்துத் தென்னந்தோப்பொன்றிலே, கன்று ஈன்ற மறுநாள், கழுத்தை விலாப்புறமாக மடித்து, காது குளிர்ந்து, மூக்குநுனி வறண்டு படுத்துக் கிடக்கும் பசுவை எண்ணிப் பாருங்கள். ஒருவர் இடுப்பை அழுத்த, மற்றொருவர் வாலை முறுக்கித் தூக்க, பொழுது கழிகிறது. முதுகெலும்பிலே குற்றமில்லை, இரத்தத்திற் கல்சியம் குறைந்ததனால் வந்த பால்காய்ச்சல் அது. இதயத்துடிப்பைக் கவனித்தவாறு கல்சியம் போரோகுளுக்கோனேற்றை நாளத்தினூடே மெல்லச் செலுத்தினால், அப்பசு ஏப்பம் விட்டு, சாணமிட்டு, பெரும்பாலும் தானே எழுந்து நிற்கும். அதனினும் கொடியது, பின்னங்கால் தளர்ந்து எச்சில் ஒழுக நிற்கும் மாடு. தொண்டையில் ஏதோ சிக்கியதென வாய்க்குள் கைவிட்டும், இடுப்பு விலகியதென நீவியும் பார்ப்பவர், விசர்நோய்க்குத் தம் உயிரையே பணயம் வைக்கிறார்.

எமது நாட்டில் 1956ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் மிருக வைத்தியத் தொழிலைப் பதிவுக்கு உட்படுத்தியது. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்தம், யூனானி உள்ளிட்ட சுதேச வைத்தியத்துக்கு அரச அங்கீகாரம் அளித்ததனால், மனிதரின் எலும்புமுறிவைக் கவனிக்கும் பரம்பரை வைத்தியரும் பதிவு பெற வழி பிறந்தது. பிராணிகளைத் தொடும் கைகளுக்கும் அத்தகைய ஓர் ஒழுங்கு வேண்டும் என்பதே எமது அபிப்பிராயம். பிராணிகளில் கைரோபிரக்டிக் தரும் பலனுக்குரிய விஞ்ஞான ஆதாரம் இன்னும் போதியதன்றாகையால், அரசு அதனைக் கண்மூடி வரவேற்கவும் வேண்டாம். முற்றாகத் தடைசெய்து மறைவிடத்துக்குத் துரத்தவும் வேண்டாம்.

பிராணியின் முதுகெலும்பின்மீது பலம் பிரயோகிக்கும் எச்சிகிச்சையும், பதிவு பெற்ற மிருக வைத்தியரின் பரிசோதனைக்குப் பின்னர், அவருடைய எழுத்து மூலமான அநுமதியோடும் மேற்பார்வையோடுமே நடைபெற வேண்டுமென மிருக வைத்தியச் சபை தெளிவாக அறிவித்தல் வேண்டும். விசர்நோய், எலும்புமுறிவு, பால்காய்ச்சல் ஆகியவற்றின் அறிகுறிகளைக் கிராமத்து அநுபவசாலிகளுக்குப் புகட்டும் குறுகிய பயிற்சியைப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் துணையோடு மாகாணத் திணைக்களம் நடத்துதல் வேண்டும். பயிற்சி பெற்றோர் உதவியாளராக அங்கீகரிக்கப்படுதல் வேண்டும்; சூடு போடும் வழக்கமோ அறவே ஒழிதல் வேண்டும்.

எந்த ஒழுங்குவிதியும், அழைத்தவுடன் வைத்தியர் வாராத கிராமத்தில் வெறும் காகிதமே. ஆகவே, எமது தொழிலன்பர்கள் தத்தம் பிரிவிலுள்ள மாட்டு வைத்தியர்களை நேரிற் கண்டு, தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து, தொடுமுன் தம்மை அழைக்குமாறு கேட்டுக்கொள்ள வேண்டுமென்றும், அவ்வழைப்புக்குத் தாமதமின்றிச் செல்ல வேண்டுமென்றும் வேண்டுகிறோம்.