தூங்கும் வகுப்பில் ஒரு வெளிநாட்டு ஆசிரியை



கொரியா என்றதும் நம் ஊர்களில் நினைவுக்கு வருவது தொழிற்சாலை வேலைதான். 2004 ஆம் ஆண்டில் இரு அரசாங்கங்களும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி நம் நாட்டு இளைஞர்கள் கொரிய மொழிப் பரீட்சை எழுதி அங்கே போய்வருகிறார்கள். ஆனால் லண்டனிலும் மெல்பனிலும் டொரண்டோவிலும் பிறந்து வளர்ந்த நம் உறவுப் பிள்ளைகளுக்கு அதே நாட்டில் இன்னொரு கதவு திறந்திருக்கிறது. பட்டப்படிப்பு முடிந்த கையோடு அங்கு போய் ஆங்கிலம் படிப்பிக்கும் வேலை அது. “வீடும் கொடுக்கிறார்களாம், விமானச் செலவும் கொடுக்கிறார்களாம், ஆசிரியை என்றால் மரியாதையாம். பிள்ளையை அனுப்பலாமா?” என்ற கேள்வி நம் வீடுகளிலும் எழுகிறது. அங்கே அந்தப் பிள்ளையின் ஒரு நாள் எப்படிக் கழியும் என்று தெரிந்தால் பதில் சொல்வது இலகுவாக இருக்கும்.

முதலில் கடவுச்சீட்டு விஷயம். பணம் பறிபோவது இந்த இடத்தில்தான் என்பதால் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம் படிப்பிக்கப் போகிறவருக்குக் கொரியா வழங்கும் விசாவுக்கு ‘ஈ-2’ என்று பெயர். அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூஸிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய 7 நாடுகளின் பிரஜைகளுக்கே அது உரியது. பட்டமும் வேண்டும், குற்றப் பதிவு இல்லை என்ற அத்தாட்சியும் வேண்டும். இந்தியாவுடன் செய்துகொண்டு 2010 இல் நடைமுறைக்கு வந்த பொருளாதார ஒப்பந்தத்தின் கீழ், ஆசிரியர் தகைமையுள்ள இந்தியர்களுக்கு மட்டும் ஒரு சிறு விலக்கு உண்டு. இலங்கைக் கடவுச்சீட்டு இப்பட்டியலில் இல்லை. உங்கள் மகள் எவ்வளவு சரளமாக ஆங்கிலம் பேசினாலும், எத்தனை சான்றிதழ் வைத்திருந்தாலும் அந்த விசா கிடைக்காது. ஆகவே, “கொரியாவில் இங்கிலீஷ் டீச்சர் வேலை எடுத்துத் தருகிறேன்” என்று ஒரு முகவர் இங்கே உங்கள் வாசலுக்கு வந்தால், தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். கைச்செலவுக்கென்றும் ஒரு சதம் கொடுக்க வேண்டாம்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு போகிற பிள்ளைக்கு அங்கே இரண்டு விதமான வேலை இருக்கிறது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடக் கூடாது. ஒன்று அரசாங்கப் பாடசாலை. ‘எபிக்’ என்ற அரசாங்கத் திட்டம் 1995 இல் தொடங்கியது. அதன் வழியாகப் போகிறவர்கள் இங்கே வேலை செய்கிறார்கள். மற்றது ‘ஹக்வொன்’. நாம் டியூட்டரி என்கிறோமே, அதுதான். ஆனால் நம் ஊர்த் தகரக் கொட்டகையையும் வாங்குப் பலகையையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். மாடிக் கட்டடங்களில் வரிசை வரிசையாக நடக்கும் பெரும் வியாபாரம் அது. மாதம் 20 இலட்சம் வொன்னுக்கு மேல் சம்பளமும், ஓர் அறை வீடும் இரண்டிலும் பொதுவாகக் கிடைக்கும். சாயல் ஒன்றாயிருந்தாலும் உள்ளே வாழ்க்கை வேறு.

அரசாங்கப் பாடசாலை ஆசிரியை காலை எட்டரை மணியளவில் வாசலில் சப்பாத்தைக் கழற்றி, உள்ளே போடும் செருப்பை மாட்டிக்கொள்கிறாள். வாரத்துக்கு 22 பாடங்கள். ஆரம்ப வகுப்பில் ஒரு பாடம் 40 நிமிடம், நடுநிலைப் பள்ளியில் 45, உயர்நிலைப் பள்ளியில் 50. பாடம் இல்லாத நேரத்திலும் மாலை நாலரை மணிவரை மேசையில் இருக்க வேண்டும். விடுமுறையில் பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போதும், சில நாட்கள் ஆங்கில முகாம் நடத்திவிட்டு, மீதி நாட்களில் ஆளில்லாத பாடசாலையில் தனியே உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. கதிரையைச் சூடாக்கும் வேலை என்று அவர்களே இதைக் கேலியாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் அங்கே இல்லை. ‘சொன்சேங்னிம்’ என்பார்கள், ஆசிரியர் அவர்களே என்று பொருள். மத்ரஸாவில் ‘உஸ்தாத்’ என்று சொல்லிப் பழகிய எனக்கு இது நன்றாக விளங்குகிறது. சின்னப் பிள்ளைகள் தாழ்வாரத்தில் கண்டவுடன் இடுப்பை வளைத்து வணக்கம் சொல்லும். முதல் வகுப்பிலேயே கேள்விகள் வரும்: வயது என்ன? கல்யாணம் ஆகிவிட்டதா? மேல்நாட்டுப் பிள்ளைகளுக்கு இது திகைப்பாக இருக்கும், நமக்குப் புதிதல்ல. வயது தெரிந்தால்தான் எந்த மரியாதைச் சொல்லில் பேசுவது என்று அவர்களுக்குத் தெரியும். பிறந்தவுடன் ஒரு வயது என்றும், புதுவருடம் பிறக்கும்போதெல்லாம் இன்னொன்று என்றும் கணக்கிட்டுவந்த நாடு அது. சட்டப்படியான வயதை உலக வழக்குக்கு மாற்றியதே 2023 ஜூன் 28 இல்தான். சாப்பிட்டீர்களா என்று விசாரிப்பதும் அவர்களிடம் ஒரு முகமன்.

ஆங்கிலம் மூன்றாம் வகுப்பில் தொடங்குகிறது. 1997 முதல் அப்படித்தான். மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் பாட்டும் விளையாட்டுமாக வகுப்பை நிறைத்துவிடுவார்கள். அந்த வகுப்புகள் கிடைத்த ஆசிரியை கொடுத்துவைத்தவள். உயர்நிலைப் பள்ளிக்குப் போனவளின் கதை வேறு. அவள் உள்ளே நுழைகிறாள். நாலைந்து பேர் நிமிர்ந்து பார்க்கிறார்கள். மற்றவர்களில் பலர் மேசையில் தலைவைத்துத் தூங்குகிறார்கள்.

நானும் வகுப்பில் நிற்பவன்தான். படிப்பித்துக்கொண்டிருக்கும்போது ஒரு பிள்ளை தூங்கினால் முதலில் கோபம்தான் வரும். ஆனால் அந்தப் பிள்ளையின் நேற்றைய இரவை விசாரித்துப் பார்க்க வேண்டும். பாடசாலை முடிந்து ஹக்வொன்னுக்குப் போயிருக்கும். கணிதத்துக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இன்னொன்று. சியோல் நகரில் ஹக்வொன்கள் இரவு 10 மணிக்கு மூட வேண்டும் என்பது சட்டம். பிள்ளைகள் தூங்கட்டும் என்று சட்டம் போட வேண்டிய நிலை. அதையும் எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2009 இல் அரசியலமைப்பு நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. பத்து மணிக்கு வெளியே வந்த பிள்ளை வீட்டில் போய் மீண்டும் புத்தகத்தை விரிக்கிறது. 2024 இல் கொரியப் பெற்றோர் இத்தகைய தனியார் படிப்புக்குச் செலவிட்ட தொகை சுமார் 29 இலட்சத்து 20 ஆயிரம் கோடி வொன். அந்த ஆண்டில் பாடசாலைப் பிள்ளைகளில் நூற்றுக்கு 80 பேர் இதற்குள் இருந்தார்கள்.

இவ்வளவும் ‘சுனுங்’ என்ற பரீட்சைக்காக. நம் உயர்தரப் பரீட்சை போன்றது. ஆனால் ஒரே நாளில் முடிந்துவிடும். நவம்பரில் ஒரு வியாழக்கிழமை. வீதியில் நெரிசல் வேண்டாம் என்று காரியாலயங்கள் ஒரு மணித்தியாலம் பிந்தித் திறக்கும். ஆங்கிலச் செவிப்புலப் பகுதி நடக்கும் 35 நிமிடங்களுக்கு நாடு முழுவதும் விமானம் ஏறவும் மாட்டாது, இறங்கவும் மாட்டாது. தாய்மார் கோயில்களிலும் தேவாலயங்களிலும் காத்துக்கிடப்பார்கள். இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று: அந்த ஆங்கில வினாத்தாளில் 45 கேள்விகள். 17 கேட்டு விடையளிப்பவை, மீதி வாசித்து விடையளிப்பவை. வாய் திறந்து பேசும் பகுதி அதில் இல்லை. வெளிநாட்டு ஆசிரியை கொண்டுவரப்பட்டதோ பேசப் பழக்குவதற்கு! ஆகவே அவளுடைய பாடம் புள்ளிக்கு உதவாத பாடம். நாள் முழுவதும் ஓடுகிற பிள்ளைக்குத் தலை சாய்க்கக் கிடைத்த ஒரே 50 நிமிடம் அதுதான். எழுப்பினால் பிள்ளைக்குப் பாவம், விட்டால் வேலைக்குத் துரோகம். நல்ல மனமுள்ள ஆசிரியைகள் இதில் தவித்துப்போகிறார்கள். முன்வரிசையில் விழித்திருக்கும் அந்த நாலைந்து பேருக்காக மெதுவான குரலில் பாடத்தை நடத்திவிட்டு வருவதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

ஹக்வொன்னில் வேலை எடுத்தவள் இதே பிள்ளையை மறுபக்கத்தில் சந்திக்கிறாள். பகல் ஒன்று, இரண்டு மணிக்குத் தொடங்கி இரவு ஒன்பது, பத்துவரை வேலை. இங்கே பிள்ளை தூங்கக் கூடாது. தாய் பணம் கட்டியிருக்கிறாள். முறைப்பாடு வந்தால் முதலாளியிடம் வரும். முதலாளி ஆசிரியையிடம் வருவார். பாடசாலையில் அப்படியில்லை. பெற்றோரின் கோபத்தைக் கூடப் படிப்பிக்கும் கொரிய ஆசிரியரும் வகுப்பாசிரியரும் தாங்கிக்கொள்கிறார்கள். அவர்கள் தாங்கும் பாரம் சிறியதல்ல. 2023 ஜூலையில் சியோலில் ஓர் இளம் ஆரம்பப் பாடசாலை ஆசிரியை தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பெற்றோர் முறைப்பாடுகளின் நெருக்குதலே காரணம் என்று சொல்லி, கறுப்புடை தரித்த ஆசிரியர்கள் வாராவாரம் வீதியில் இறங்கினார்கள். செப்டெம்பரில் ஆசிரியரைப் பாதுகாக்கும் சட்டத் திருத்தங்கள் நிறைவேறின. ‘சொன்சேங்னிம்’ என்ற அழைப்பும் குனிந்த வணக்கமும் மாறாதிருக்க, உள்ளே எவ்வளவோ மாறிவிட்டது.

பரிசுப்பொருள் பற்றியும் ஒரு வார்த்தை. மே 15 அங்கே ஆசிரியர் தினம். கொரிய எழுத்தை உண்டாக்கிய செஜொங் மன்னரின் பிறந்த தினம். 2016 செப்டெம்பரில் வந்த ஊழல் தடுப்புச் சட்டத்தின்பின், தன் பிள்ளையின் ஆசிரியருக்கு ஒரு கோப்பை கோப்பி வாங்கிக் கொடுப்பதும் தாய்க்குத் தடை. நல்ல சட்டம் என்பது என் எண்ணம்.

சாப்பாட்டுக்கு வருவோம், தாய்மாரின் பெரிய கவலை அதுதானே. பகல் சாப்பாடு பாடசாலையிலேயே. பிள்ளைகளுக்கு இலவசம், ஆசிரியர்கள் பணம் கட்ட வேண்டும். எவர்சில்வர் தட்டில் சோறு, சூப், கிம்ச்சி, இரண்டொரு கறி. மாதப் பட்டியலில் ஒவ்வொரு உணவின் பக்கத்திலும் சிறு இலக்கங்கள் இருக்கும். ஒவ்வாமையுள்ள பிள்ளைகளுக்காக அரசாங்கம் வைத்த குறியீடு அது: 1 என்றால் முட்டை, 9 என்றால் இறால். நம் பிள்ளை மனப்பாடம் செய்ய வேண்டியது 10. அது பன்றி இறைச்சி. மொழி தெரியாவிட்டாலும் இலக்கம் தெரியுமல்லவா? ஆயினும் 15 என்று கோழியும் 16 என்று மாடும் குறித்திருப்பது, அது எப்படி அறுக்கப்பட்டது என்பதைச் சொல்லாது. ஆகவே மீன், முட்டை, சோறு, கீரை என்று இருந்துகொள்பவர்கள் உண்டு. வீட்டிலிருந்து கொண்டுபோகிறவர்களும் உண்டு. சியோலில் இத்தேவொன் பகுதியில் 1976 இல் திறக்கப்பட்ட பள்ளிவாசலைச் சுற்றி ஹலால் கடைகள் இருக்கின்றன. தூர ஊர்களில் இருப்போர் தபாற்பொதியாக எடுப்பிக்கிறார்கள். ஆசிரியர்கள் கூடிச் சாப்பிடும் ‘ஹ்வேஷிக்’ என்ற இரவு விருந்துதான் சிக்கல். பெரும்பாலும் பன்றி இறைச்சியும் மதுவும். போகாதிருந்தால் ஒதுங்கியவள் என்பார்கள். முதல் வாரத்திலேயே கூட இருக்கும் ஆசிரியையிடம் விஷயத்தைச் சொல்லிவைத்தால், அடுத்த முறை மீன் கடையைத் தெரிவுசெய்கிற நல்லவர்களும் இருக்கிறார்கள்.

வீடு ஓர் அறை. மூலையில் குசினி, பக்கத்தில் துணி துவைக்கும் இயந்திரம். மாரியில் சியோலில் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 10 பாகைக்கும் இறங்கும். ஆனால் ‘ஒண்டோல்’ முறையில் நிலத்துக்கு அடியால் சூடு வருவதால் தரையில் பாய் விரித்துப் படுக்கலாம். குப்பைதான் வீட்டுக்காரிக்கு முதல் பரீட்சை. 1995 முதல், அரசாங்கம் விற்கும் பையில் கட்டித்தான் குப்பை போடலாம். எச்சில் சோறு, மரக்கறித் தோல் எல்லாம் வேறு. பல தொடர்மாடிகளில் அட்டையைக் காட்டினால் தொட்டி திறக்கும். கொட்டியதை நிறுத்து, கிராம் கணக்கில் பணம் அறவிடும். சோற்றை வீணாக்காத பழக்கம் அங்கே மாதச் செலவைக் குறைக்கும்.

இனி அனுப்புமுன் நீங்கள் கேட்க வேண்டியவை. ஈ-2 விசா வேலை கொடுத்தவரோடு கட்டப்பட்டது. இடையில் வேறிடம் மாற அவருடைய விடுவிப்புக் கடிதம் வேண்டும். ஒரு வருடம் முழுமையாக வேலை செய்தால் ஒரு மாதச் சம்பளம் விலகற் பணமாகச் சேரும். அதைக் கொடுக்காதிருக்கப் பதினோராம் மாதத்தில் நிறுத்திவிடும் ஹக்வொன்கள் பற்றிய முறைப்பாடு பழையது. விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்பது அங்கே சாதாரணம். நிறத்தையும் தலைமறைப்பையும் பார்த்துப் பதில் அனுப்பாதவர்களும் இருப்பார்கள். வெளிநாட்டு ஆசிரியரைச் சந்தேகத்தோடு பார்த்த காலமும் உண்டு. எய்ட்ஸ் கிருமிப் பரிசோதனை 2007 இலிருந்து இவர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. கொரிய ஆசிரியருக்கு அது இல்லை. நியூஸிலாந்து ஆசிரியை ஒருவர் மறுத்து, ஐக்கிய நாடுகளின் இனப் பாகுபாட்டுக்கு எதிரான குழுவரை போனார். 2015 இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. 2017 இல் அந்த விதி நீக்கப்பட்டது. ஒரு பெண் தனியே நின்று பெற்றது, பின்னால் போன எத்தனையோ பேருக்கு உதவியது.

அரசாங்கப் பாடசாலைகளிலும் இடம் சுருங்கிவருகிறது. பிள்ளைகள் பிறப்பதே குறைந்துவிட்டது. 2023 இல் ஒரு பெண்ணுக்கு 0.72 என்று இருந்த பிறப்பு வீதம் 2024 இல் 0.75 ஆனது, அவ்வளவுதான் ஏற்றம். கிராமங்களில் பாடசாலைகள் மூடப்படுகின்றன. திங்கள் ஓர் ஊர், செவ்வாய் இன்னோர் ஊர் என்று பஸ் ஏறி, வகுப்புக்கு ஐந்தாறு பிள்ளைகளுக்குப் படிப்பித்துவிட்டு வரும் ஆசிரியைகள் இருக்கிறார்கள்.

ஒப்பந்தத்தின் ஆங்கிலப் பிரதியை மட்டும் வாசித்துக் கையொப்பமிட வேண்டாம். கொரியப் பிரதியையும் தெரிந்தவரிடம் காட்டுங்கள். வீட்டு வாடகையை யார் கட்டுவது, வேலை நேரம் எத்தனை மணிக்கு முடிவது, விலகற் பணம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். போகிற பிள்ளையின் தொலைபேசியில் இரண்டு இலக்கங்களைப் பதிந்துகொடுங்கள். விசா விஷயங்களுக்கு 1345, சம்பளம், வேலைத் தகராறுக்கு 1350. இரண்டும் கொரிய அரசாங்கத்தின் உதவி இலக்கங்கள், ஆங்கிலத்திலும் பேசலாம்.