டிப்ஸ் கொடுப்பதிலும் கணக்கு வேண்டும்



ஒரு காலத்தில் வெளிநாட்டுப் பயணம் என்றால் நம் பஜாரில் அது பெரிய செய்தி. ஒருவர் சிங்கப்பூர் போய் வந்தால், அவர் கொண்டு வந்த டார்ச் லைட்டையும் கோடாலித் தைலத்தையும் பார்க்கத் தெருவே கூடும். இன்று நிலைமை வேறு. எண்ணெய், டீத்தூள், சோப்பு, சிமெண்ட் என்று எந்தக் கம்பெனியை எடுத்தாலும், 'இத்தனை டன் எடுத்தால் பாங்காக், இத்தனை பெட்டி எடுத்தால் மலேசியா' என்று ஸ்கீம் போடுகிறார்கள். லீ பஜாரிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் காலையில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தவர், இரண்டு நாள் கழித்துத் திருச்சியிலோ கோவையிலோ விமானம் ஏறிவிடுகிறார். நாமக்கல் முட்டை வியாபாரத்தில் இருப்பவர்கள் வளைகுடா நாடுகளுக்குப் போய் வருகிறார்கள். பிள்ளைகள் அமெரிக்காவில் வேலை பார்ப்பதால், பேரன் பேத்தியைப் பார்க்கப் போகிறவர்களும் நம்மில் அநேகம்.

போகிறவர்கள் விசாவுக்கு யோசனை கேட்கிறார்கள். ஸ்வெட்டர் எடுக்கலாமா, ஊறுகாய் கொண்டு போகலாமா என்று கேட்கிறார்கள். ஒன்றை மட்டும் யாரும் கேட்பதில்லை. அங்கே பெட்டி தூக்குகிறவருக்கும், சாப்பாடு பரிமாறுகிறவருக்கும், வண்டி ஓட்டுகிறவருக்கும் கையில் என்ன கொடுப்பது? கொடுக்கத்தான் வேண்டுமா? இதைச் சின்ன விஷயம் என்று நானும் நினைத்தவன்தான். ஒரு பயணத்தில் அந்த எண்ணம் மாறியது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கம்பெனி ஸ்கீமில் நாற்பது வியாபாரிகள் சேர்ந்து பாங்காக் போனோம். நான்கு நாளும் ஒரே பஸ், ஒரே டிரைவர், ஒரே கைடு. டூர் நோட்டீசின் கடைசி வரியில், பொடி எழுத்தில், 'கைடு, டிரைவர் டிப்ஸ் தனி' என்று இருந்தது. யாரும் படிக்கவில்லை. சரக்குப் பில்லில் அரை ரூபாய் வித்தியாசம் என்றால் கண்டுபிடிக்கிற நாம் இதைப் படிக்கவில்லை! கடைசி நாள் விமான நிலையம் போகும் வழியில் கைடு ஒரு கவரைச் சுற்றுக்கு விட்டார். "கம்பெனிக்காரங்கதான் எல்லாம் கட்டியாச்சுங்களே, இது எதுக்குங்க?" என்று முன் வரிசையில் ஒருவர் சத்தமாகக் கேட்டார். அவ்வளவுதான். கவர் பின் வரிசை வரை போய், போன வேகத்திலேயே திரும்பி வந்தது.

முந்தின நாள் இரவு ஓட்டல் பாட்டுக் கச்சேரியில் நூறு பாட் நோட்டுகளை வீசிக் கை தட்டியவர்களும் இதே நாற்பது பேர்தான். பஸ் நின்றதும் டிரைவர் இறங்கி, நாற்பது பேரின் பெட்டிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, எல்லாரையும் பார்த்துக் கை கூப்பினார். அந்தக் கவரில் நான் போட்டது இருபது பாட். நான்கு நாள் உழைப்புக்கு இருபது பாட். அந்தக் கணக்கு இன்று வரை எனக்கு நேராகவில்லை.

ஊருக்கு ஊர் வழக்கம் வேறு

டிப்ஸ் விஷயத்தில் உலகத்தை மூன்று பிரிவாக வைத்துக்கொண்டால் நமக்குச் சுலபம்.

முதலாவது, பில்லிலேயே சேர்த்து வாங்கும் ஊர். இதற்கு உதாரணம் சிங்கப்பூர். அங்கே பெரிய ஓட்டல்களில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்கள். ஒன்று சர்வீஸ் சார்ஜ், மற்றது ஜி.எஸ்.டி. நூறு வெள்ளிக்குச் சாப்பிட்டால் 10 சதவீத சர்வீஸ் சார்ஜ் சேர்ந்து 110 வெள்ளி. அதன் மேல், 2024 ஜனவரி முதல் உள்ளபடி, 9 சதவீத ஜி.எஸ்.டி. ஆக மொத்தம் 119 வெள்ளி 90 காசு. இதற்கு மேல் தனியாக டிப்ஸ் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தட்டை நாமே எடுத்து வந்து சாப்பிடும் சாதாரண உணவு அங்காடிகளில் சர்வீஸ் சார்ஜும் இல்லை, டிப்ஸும் இல்லை. பிரான்சிலும் ஓட்டல் விலைப் பட்டியலிலேயே சர்வீஸ் அடங்கியிருக்கிறது. அதற்கு மேல் மனமிருந்தால் சில்லறையை விட்டுவிட்டு வருவார்கள்.

இரண்டாவது, கொடுத்தாலும் வாங்காத ஊர். ஜப்பானில் மேசையில் பணம் வைத்துவிட்டு வந்தால், நாம் மறந்துவிட்டோம் என்று நினைத்துப் பின்னாலேயே ஓடி வந்து கொடுப்பார்கள். நன்றாகப் பரிமாறுவது தன் வேலை, அதற்குச் சம்பளம் இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம். அங்கே தலை குனிந்து நன்றி சொன்னால் போதும். சரக்கு பார்க்கச் சீனாவுக்குப் போகிறவர்களும் சாதாரண ஓட்டல்களில் டிப்ஸ் வைக்கத் தேவையில்லை.

மூன்றாவது, கொடுத்தே ஆக வேண்டிய ஊர். அதுதான் அமெரிக்கா. உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டலில் 15 முதல் 20 சதவீதம் வரை கொடுப்பது அங்கே வழக்கம். நாற்பது டாலர் பில் என்றால் ஆறு முதல் எட்டு டாலர். நம்மவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள். எட்டு டாலரை ரூபாயாக்கிப் பார்த்து, 'இந்தக் காசுக்குச் சேலத்தில் குடும்பமே சாப்பிடலாமே' என்று பர்ஸை மூடிவிடுகிறார்கள். நாற்பது டாலர் சாப்பாட்டை ரூபாயாக்கிப் பார்க்காமல்தானே சாப்பிட்டோம்? டிப்ஸுக்கு மட்டும் எதற்கு அந்தக் கணக்கு?

தாய்லாந்து, துபாய் போன்ற ஊர்கள் இந்த மூன்றுக்கும் நடுவே நிற்கின்றன. பெரிய ஓட்டல் பில்லில் சர்வீஸ் சார்ஜ் சேர்ந்தே வரும். ஆனாலும் பெட்டி தூக்குகிறவர், அறை துடைக்கிறவர், சுற்றுலா பஸ் டிரைவர் ஆகியோருக்குச் சிறிய நோட்டாகக் கையில் கொடுக்கும் பழக்கம் உண்டு. துபாயில் அந்த வேலை செய்கிறவர் பல சமயம் நம் நாட்டுக்காரராகவே இருப்பார்.

அமெரிக்கக் கணக்கின் பின்னணி

அமெரிக்காவில் மட்டும் ஏன் இப்படி என்று கேட்கலாம். காரணம் சம்பளத்தில் இருக்கிறது. அந்நாட்டு மத்தியச் சட்டப்படி, டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2 டாலர் 13 சென்ட். 1991-ல் வைத்த அந்தத் தொகை இன்றும் அப்படியே இருக்கிறது. மற்றத் தொழிலாளிகளுக்கு 2009 முதல் 7 டாலர் 25 சென்ட். இரண்டுக்கும் உள்ள இடைவெளியை வாடிக்கையாளர் கொடுக்கும் டிப்ஸ் நிரப்ப வேண்டும். நிரம்பாவிட்டால் மீதியை முதலாளி கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில் முழுக் கூலியையும் முதலாளியே கொடுத்தாக வேண்டும். மற்ற இடங்களில் நாம் டிப்ஸ் வைக்காமல் எழுந்தால், பரிமாறியவரின் கூலியில் ஒரு பகுதியைக் கொடுக்காமல் எழுந்ததாகத்தான் அர்த்தம்.

இந்தப் பழக்கம் வேரூன்றிய கதையும் தெரிந்துகொள்ளத்தக்கது. 1865-ல் அங்கே உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தது. ஜார்ஜ் புல்மன் என்பவர் ரயிலில் தூங்கும் வசதியுள்ள பெட்டிகளை ஓட்டி வந்தார். விடுதலை பெற்ற கறுப்பின மக்களை அந்தப் பெட்டிகளில் போர்ட்டர்களாக அமர்த்தினார். சம்பளம் மிகக் குறைவு. பயணிகள் கொடுக்கும் டிப்ஸை வைத்துத்தான் குடும்பம் நடக்க வேண்டும். பயணிகள் அவர்களைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை. முதலாளியின் பெயரை வைத்து எல்லாரையும் 'ஜார்ஜ்' என்றே அழைத்தார்கள். 1925-ல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அந்தப் போர்ட்டர்கள் சங்கம் அமைத்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் போராடி, 1937-ல் புல்மன் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார்கள்.

வியாபாரி என்ற முறையில் யோசித்துப் பாருங்கள். தான் கொடுக்க வேண்டிய சம்பளத்தை மிச்சம் பிடித்து, தொழிலாளியை வாடிக்கையாளர் முன்னால் கை நீட்ட வைத்தது அந்தக் கம்பெனி. கணக்குப் புத்தகத்தில் அது லாபம். மனிதக் கணக்கில் அது பெரிய நஷ்டம்.

நம் கடைக்கு வருவோம்

நிற்க. அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். வீட்டுக்கு மளிகை கொண்டுபோய்க் கொடுக்கும் பையனைப் பற்றி, "போற வீட்டிலெல்லாம் பத்து இருபது கொடுப்பாங்க, சம்பளத்தைக் குறைச்சே பேசிக்கலாமுங்க" என்று நம் பஜாரிலேயே நான் காதாரக் கேட்டிருக்கிறேன். அந்தப் பத்து இருபதும் இப்போது முன்போல் கிடைப்பதில்லை. வாடிக்கையாளர்கள் போனிலேயே காசை அனுப்பிவிடுகிறார்கள். மீதிச் சில்லறையை 'வச்சுக்கப்பா' என்று சொல்லும் பேச்சே குறைந்துவிட்டது. சம்பளத்தைக் குறைத்துவிட்டு டிப்ஸை நம்பச் சொன்னால், அந்தப் பையன் எதை நம்பிக் குடும்பம் நடத்துவான்?

என் கருத்து இதுதான். சம்பளம் கடைக்காரன் தீர்க்க வேண்டிய கடன். டிப்ஸ் வாடிக்கையாளர் மனம் நிறைந்து கொடுப்பது. இந்த இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதக் கூடாது.

சட்டமும் இப்போது அந்த வழியில்தான் போகிறது. ஓட்டல் பில்லில் சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்த்துக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று நம் நாட்டின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. விருப்பமிருந்தால் வாடிக்கையாளர் கொடுக்கலாம். பிரிட்டனில் 2024 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, ஊழியர்களுக்கென்று வரும் டிப்ஸில் முதலாளி தனக்கென்று ஒரு காசு பிடிக்கக் கூடாது. முழுவதையும் ஊழியர்களுக்கே நியாயமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லத்தான் வேண்டும். மூட்டைக்கு இவ்வளவு என்று பேசி எழுதிக்கொண்ட பிறகும், இறக்கி முடித்ததும் 'டீக்காசு' என்று தனியாகக் கேட்கிறார்கள் என உறுப்பினர்கள் வருத்தப்படுகிறார்கள். கொடுக்காவிட்டால் அடுத்த லோடு தாமதமாகிறது என்கிறார்கள். நியாயமான வருத்தம்தான். வேலைக்கு முன்னால் நிபந்தனையாகக் கேட்டு வாங்குவது மாமூல். வேலை முடிந்தபின் நாமாகக் கொடுப்பது இனாம். மாமூலுக்கு நான் பரிந்து பேசவில்லை. ஆனால் அந்தப் பேச்சு எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஒப்பந்தக் காலம் முடிந்தும் புதுக் கூலி பேசாமல் மாதக்கணக்கில் இழுத்தடித்தால், டீக்காசு என்ற பேரில்தான் அது திரும்பி வரும். கூலியை உரிய காலத்தில் பேசி, அன்றன்றே முழுதாகக் கொடுத்துவிட்டால், அதற்கு மேல் கேட்பவரை முகத்துக்கு நேராக மறுக்க நமக்குத் தைரியம் இருக்கும்.

பயணம் போகிறவர்கள் கவனத்துக்கு

வெளியூர் போகும் உறுப்பினர்களுக்கு என் அனுபவத்தில் கண்ட சில யோசனைகள்.

டூர் நோட்டீசைக் கடைசி வரி வரை படியுங்கள். டிப்ஸ் சேர்ந்ததா, தனியா என்று கிளம்பும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

குழுவாகப் போனால் முதல் நாளே தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். கடைசி நாளில் கைடுக்கு ஒரு கவர், டிரைவருக்கு ஒரு கவர் என்று தனித்தனியாகக் கொடுங்கள். ஓடும் பஸ்ஸில் கவரைச் சுற்றவிட்டால் எங்களுக்கு நேர்ந்ததுதான் நேரும்.

அந்த நாட்டுச் சிறிய நோட்டுகள் கொஞ்சம் கைவசம் இருக்கட்டும். நம் ஊர் பத்து ரூபாய் நோட்டை அங்கே கொடுத்தால் அவர் அதை எங்கே போய் மாற்றுவார்?

ஓட்டல் அறையைத் துடைக்கிறவர் தினமும் ஒருவராகவே இருப்பார் என்று சொல்ல முடியாது. கொடுக்கும் வழக்கமுள்ள ஊரில் அன்றன்றே வைத்துவிடுங்கள்.

பில்லில் சர்வீஸ் சார்ஜ் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கூச்சப்படாமல் எழுந்து வரலாம். வாங்காத ஊரில் வற்புறுத்தவும் வேண்டாம்.

எங்கே கொடுத்தாலும் கையில் கொடுங்கள். வீசாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் மகன் சொன்னான் என்று இருபது சதவீதம் வைத்துவிட்டு வந்தவர், மறுவாரம் தன் கடை வாசலில் கொளுத்தும் வெயிலில் ஐம்பது கிலோ மூட்டை சுமந்தவரிடம் மூட்டைக்கு ஒரு ரூபாய்க்காகப் பேரம் பேசினால், அவர் அங்கே கொடுத்தது மரியாதைக்குப் பயந்து கொடுத்தது என்றுதான் ஆகும். உழைப்பின் மதிப்பு தெரிந்தவர் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி நடந்துகொள்வார்.

அந்தப் பாங்காக் டிரைவரை நான் இனிப் பார்க்கப் போவதில்லை. அவருக்குப் பட்ட பாக்கி பாக்கிதான். ஆனால் நம் கடை வாசலில் நிற்பவர்களை நாளைக் காலையே பார்க்கப் போகிறோம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். வியாபாரிகள் நாம் அந்த வார்த்தையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம். அவர்கள் அளந்து போடச் சொன்னார்கள். போடாமல் இருக்கச் சொல்லவில்லை.