தூக்கித் தூக்கிப் பார்த்தால் உறையாது

கல்மண்டபத்தில் ஒரு மாடி வீடு. ஹாலில் டி.வி. இருக்க வேண்டிய இடத்தில் மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி. உள்ளே சுமார் 190 லிட்டர் உப்பு நீர், செராமிக் பாறைகள், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள். 2003-ல் வந்த ‘ஃபைண்டிங் நீமோ’ படத்துக்குப் பிறகு ஊர் முழுக்க அந்த மீனுக்குப் பெயர் நீமோதான்.

தொட்டிக்குச் சொந்தக்காரர் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். இயந்திரம் நின்றால் உடனே கை வைத்துச் சரிசெய்ய வேண்டிய வேலை. அந்தப் பழக்கம்தான் தொட்டிக்கு வினையானது.

நான்கு வாரம் மீன் இல்லாமல் தண்ணீரை ஓடவிட்டு, ஐந்தாவது வாரம் மீன்களை விட்டார். ஏழாவது வாரம் பாறைகள் மேல் டீத்தூள் தூவியது போலப் பழுப்புப் படலம் வந்தது. அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதல் நாள் விளக்கு எரியும் நேரத்தைக் குறைத்தார். மூன்றாம் நாள் பம்ப்பை மாற்றினார். ஐந்தாம் நாள் கொளத்தூர் வண்ணமீன் கடைவீதிக்குப் போய் பாக்டீரியா பாட்டில் வாங்கி வந்து ஊற்றினார். எட்டாம் நாள் பாதித் தண்ணீரை இறைத்துப் புதுத் தண்ணீர் விட்டார். பத்தாம் நாள் பாறைகளையும் ஃபில்டர் ஸ்பாஞ்சையும் வெளியே எடுத்து, மெட்ரோ வாட்டர் குழாயடியில் பளபளவென்று தேய்த்துக் கழுவினார்.

மறுநாள் காலை மீன்கள் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சாயங்காலத்துக்குள் ஒன்று செத்துப்போனது.

மொத்தத் தொட்டியையும் காலி செய்து முதலிலிருந்து ஆரம்பிப்பது என்று பக்கெட்டை எடுத்தவரை அம்மாதான் நிறுத்தினார்.

“டேய், அத்த சும்மா வுட்றா. தயிர் உறையுதான்னு தூக்கித் தூக்கிப் பார்த்தா எப்புட்றா உறையும்?”

“ஒண்ணு செத்துப்போச்சும்மா. இருக்கறதயாவது காப்பாத்த வேணாமா?”

“நீ காப்பாத்துனதுலதான்டா அது செத்துச்சு.”

கழுவியது அழுக்கை மட்டுமல்ல

அம்மா சொன்னது கோபத்தில் வந்த பேச்சு. ஆனால், தொட்டியில் நடந்ததும் அதுவேதான்.

மீன் கழிவிலிருந்தும் மிச்ச உணவிலிருந்தும் அம்மோனியா வரும். அது மீனுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். அது அவ்வளவு கெடுதல் இல்லை. இந்தக் கண்ணுக்குத் தெரியாத வேலையாட்கள் குடியிருப்பது பாறையின் துளைகளிலும் ஸ்பாஞ்சிலும்தான். அவர்கள் குடும்பம் குட்டியோடு பெருகி நிலைக்க நான்கிலிருந்து ஆறு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும்.

குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்லக் குளோரின் சேர்க்கிறார்கள். நம் வயிற்றுக்கு அது பாதுகாப்பு. ஆனால் அதில் ஸ்பாஞ்சைக் கசக்கினால் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்தே சாகும். அழுக்கைக் கழுவுவதாக நினைத்து, அதுவரை சேர்ந்த காவல்காரர்களையே அவர் கழுவி விட்டுவிட்டார்.

அவரைப் பதறவைத்த அந்தப் பழுப்புப் படலம் பெரும்பாலும் டயாட்டம் என்ற நுண்பாசி. புதுத் தொட்டி அநேகமாக எல்லாவற்றிலும் வரும். நீரிலும் மணலிலும் இருக்கும் சிலிக்கேட்டைத் தின்று வளரும். அது தீர்ந்ததும் தானே அடங்கும். சில வாரம் பொறுத்திருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய விஷயம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தொட்டியில் இன்று செய்த மாற்றத்தின் பலன் கண்ணில் படவே ஒன்றிரண்டு வாரம் ஆகும். பத்து நாளில் ஐந்து மாற்றம் செய்தால், நல்லதோ கெட்டதோ எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

பவளம் இல்லாத பவளப்பாறை

இந்தத் தொட்டியில் உயிருள்ள பவளம் இல்லை. அவருக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் பாறை கட்டும் கடினப் பவளங்கள் எல்லாமும், கடல் விசிறியும் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. நம் கடலிலிருந்து உடைத்து எடுப்பதும் விற்பதும் குற்றம். யாராவது ரகசியமாக நீட்டினாலும் கை நீட்டக் கூடாது. கோமாளி மீன் கதை வேறு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் அதைக் குஞ்சு பொரிப்பகத்திலேயே வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். பொரிப்பகத்தில் பிறந்த மீன் தொட்டி வாழ்க்கைக்கும் சீக்கிரம் பழகும்.

காசிமேடு கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது கடல் தண்ணீரைக் காசு கொடுத்தா தயாரிப்பது என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். படகுகளின் டீசலும் சாக்கடையும் கலக்கும் துறைமுக ஓரத்து நீர் தொட்டிக்கு ஆகாது. அதனால் ஆர்.ஓ. தண்ணீரில் இதற்கென்றே விற்கும் உப்புக் கலவையைக் கரைக்கிறார். கடலில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. தொட்டியிலும் அதே அளவு.

சும்மா இருப்பதற்கே வேலை

‘சும்மா விடு’ என்றால் கண்டுகொள்ளாமல் விடுவது என்று அர்த்தமில்லை. தொட்டியில் ஒன்றும் மாறாமல் இருக்கவே தினமும் வேலை இருக்கிறது.

சென்னை வெயிலில் தொட்டி நீர் 30 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். குளிர்விக்கும் இயந்திரம் வாங்க முடியாதவர்கள் நீர்ப்பரப்பின் மேல் சின்ன ஃபேன் வைப்பார்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் தண்ணீர் ஆவியாவது கூடும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பு உள்ளேயே நிற்கும். 190 லிட்டர் தொட்டியில் தினம் இரண்டு லிட்டர் குறைகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் 14 லிட்டர் போய்விடும். 35 கிராம் இருந்த இடத்தில் ஏறக்குறைய 38 கிராம். வாரக் கடைசியில் ஒரேயடியாக 14 லிட்டர் ஊற்றினால் உப்பு சட்டென்று இறங்கும். மீனுக்கு அது ஏற்றமும் இறக்கமுமாக இரட்டை அடி.

செய்ய வேண்டியது எளிது. தொட்டிக் கண்ணாடியில் பேனாவால் ஒரு கோடு. தினமும் அந்தக் கோடு வரை உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை எடுத்துவிட்டு, அதே உப்பளவும் அதே சூடும் உள்ள புது நீர். ஸ்பாஞ்சைக் கசக்க வேண்டுமென்றால், எடுத்த அந்தப் பழைய நீரிலேயே மெல்லக் கசக்க வேண்டும்.

பவளம் வளர்க்கச் சட்டம் இடம் கொடுக்கும் நாடுகளில் இருப்பவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இன்னும் கடுமை. நீரின் காரத்தன்மையை அவர்கள் ஓர் எண்ணாக அளப்பார்கள். 7-இலும் பவளம் வளரும், 9-இலும் வளரும். நேற்று 7, இன்று 9, நாளை மறுபடி 7 என்று ஆட்டினால்தான் நுனி வெளுத்து, சதை உரிந்துவிடும்.

கடலிலும் அப்படித்தான். பவளத்தின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருந்து சூரிய ஒளியில் உணவு தயாரித்துக் கொடுக்கின்றன. வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரம் நீடித்தாலே அந்தப் பாசிகள் வெளியேறும், பவளம் வெளுக்கும். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவில் 2010-லும் 2016-லும் இப்படிப் பெரிய அளவில் வெளுத்தது. சூடு சீக்கிரம் தணிந்தால் பவளம் பிழைத்துக்கொள்ளும். நீடித்தால் சாகும்.

ஜகார்த்தாக்காரர் செய்யாதவை

இந்தப் பொழுதுபோக்கின் வரலாற்றிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1950-களில் மேற்கு நாடுகளில் கடல் மீன் தொட்டி என்றால், வெளுத்த பவள எலும்பை அலங்காரத்துக்கு வைத்து, எதிலும் பாசி ஒட்டாமல் ஓயாமல் கழுவிக்கொண்டிருப்பதுதான் வழக்கம். 1961-ல் ஜகார்த்தாவின் லீ சின் எங் என்பவர் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்புப் பத்திரிகையில் தன் முறையை எழுதினார். கடல் நீர், உயிரிகள் ஒட்டியிருக்கும் பாறை, வெளிச்சம், மெல்லக் குமிழிவிடும் காற்று. அவ்வளவுதான். அவர் தொட்டியில் பவளமே உயிரோடு இருந்தது. பாறையில் இருந்த உயிர்களைத் தேய்த்துக் களையாமல் விட்டதுதான் அந்த முறையின் அடிப்படை. இன்றைய பவளத் தொட்டிகளுக்கு அவரைத்தான் முன்னோடி என்கிறார்கள்.

கடற்கரை சொல்லும் கதை

ஒரு மாற்றம் எங்கே போய் முட்டும் என்று தெரிந்துகொள்ள, கல்மண்டபத்துக்காரர்கள் தொட்டியைப் பார்க்க வேண்டியதில்லை. கொஞ்ச தூரம் நடந்து கடலைப் பார்த்தால் போதும்.

இந்தக் கரையில் மணல் ஓராண்டுக் கணக்கில் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். மணல் தெற்கே தேங்கி மெரினா அகலமானது. வடக்கே ராயபுரத்துக்கு வர வேண்டிய மணல் வரவில்லை. கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. தடுக்கக் கல் கொட்டினார்கள். அரிப்பு இன்னும் வடக்கே, திருவொற்றியூர் பக்கம் நகர்ந்தது. அங்கேயும் கல். துறைமுகம் ஊருக்குச் சோறு போட்டது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு மாற்றத்தைச் சமாளிக்க இன்னொன்று, அதைச் சமாளிக்க மூன்றாவது என்று போய்க்கொண்டே இருப்பதை இந்தக் கரையில் குடியிருப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துவிட்டார்கள்.

காலண்டரில் ஒரு கட்டம்

மீன் செத்த அன்று ராத்திரி அவர் தொட்டியைக் காலி செய்யவில்லை. அம்மோனியா அளந்து பார்த்தார், ஏறியிருந்தது. அதற்கு மட்டும் வைத்தியமாக, சூடும் உப்பும் சரிபார்த்து, கால் பங்கு நீரை மாற்றினார். அளவு இறங்கும்வரை இன்னும் இரண்டு நாள் அதையே செய்தார். தீனியைக் குறைத்தார். வேறு எதையும் தொடவில்லை.

அப்போது வீட்டில் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். அதைக் காலண்டரில் தேதி போட்டு எழுத வேண்டும். இரண்டு வாரம் ஆகாமல் அடுத்ததைத் தொடக் கூடாது. அவசரத்துக்கு மட்டும் விலக்கு: மீன் மேலே வந்து மூச்சு வாங்கினால், அம்மோனியா தெரிந்தால், சூடு எகிறினால், ஏதாவது செத்துக் கிடந்தால், கரன்ட் போனால் காத்திருக்கக் கூடாது. கரன்ட் போனால் போட பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும் வாங்கி வைத்தாயிற்று.

பழுப்புப் படலம் மூன்றாவது வாரம் மெலிந்தது. ஐந்தாவது வாரம் காணோம். மிஞ்சிய மீன் பாறை இடுக்கில் இடம் பிடித்துக்கொண்டு, தீனி போடும் விரலைக் கண்டதும் ஓடி வருகிறது. அதற்கு ஜோடி வாங்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. காலண்டரில் அதற்கும் ஒரு தேதி குறித்திருக்கிறார். வர இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

போன வாரம் போனில் புது எல்.இ.டி. விளக்கின் விளம்பரத்தை அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா கரண்டியைத் தொடாமல், சட்டியை இரண்டு கையாலும் பிடித்து லேசாக ஒரு சுற்று அசைத்துவிட்டு இறக்கினார். கிண்டினால் மீன் உடைந்துவிடும்.

அவர் போனை வைத்துவிட்டு எழுந்துபோய், அன்றைய கட்டத்தில் எழுதினார்: தண்ணீர் 2 லிட்டர். மாற்றம் இல்லை.