பெட்டியின் மேல் 450, உள்ளே எவ்வளவு?

பொட்டலத்தில் ஐம்பது கிராம் குறைந்தால் நாம் பதில் சொல்லியாக வேண்டும். எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்கிறோம். இதில் நமக்குக் குறை இல்லை. ஆனால் நாம் காசு கொடுத்து வாங்கும் ஒரு சரக்கில் பாதி எடைகூட இல்லாமல் விற்கிறார்கள். அதைத்தான் கேட்கிறோம்.

தீபாவளிக்கு முந்தின வாரம். மாலை ஏழு மணி, கடை நிறையக் கூட்டம். நம் உறுப்பினர் ஒருவரின் மளிகைக் கடையில் பில் போடும் கம்ப்யூட்டர் படாரென்ற சத்தத்தோடு அணைந்தது. போனது மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி. தனியாகப் போகவில்லை, ஹார்டு டிஸ்க்கையும் சேர்த்துக்கொண்டு போனது. கடன் பாக்கிக் கணக்கும் 20ஆம் தேதிக்குள் காட்ட வேண்டிய ஜி.எஸ்.டி. விவரமும் அதில்தான் இருந்தன. எரிந்த பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 450 என்று இருந்தது.

அந்த 450ஐ நம்பக் கூடாது. சில பெட்டிகளில் அது மாடல் நம்பர் மட்டுமே. பக்கத்தில் வாட் என்ற சொல்லே இராது. பக்கவாட்டு லேபிளில் உள்ள சிறிய கட்டத்தைத்தான் படிக்க வேண்டும். 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் ஆம்பியர் கொடுத்திருப்பார்கள். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். இன்றைய கம்ப்யூட்டர் பெரும்பாலும் 12 வோல்ட்டில்தான் சாப்பிடுகிறது. அதன் கீழ் 14 ஆம்பியர் என்று இருந்தால் 168 வாட். அதுதான் ஏறக்குறைய நிகர எடை. மீதியெல்லாம் சாக்கு எடை! 3.3க்கும் 5க்கும் தனித்தனியே பெருக்கிக் கூட்டிக் காட்டினாலும் ஏமாற வேண்டாம். அவை இரண்டும் ஒரே கொள்ளளவைப் பங்கு போட்டுக்கொள்பவை. ஒரே நேரத்தில் இரண்டும் முழுசாய்க் கிடைக்காது.

பில் போடும் கம்ப்யூட்டருக்கு நூறு வாட்டே அதிகம், 168 போதாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்த 168ம் விற்பவர் சொல்லும் கணக்குதான். ஒரு கணம் தாங்குவதை எழுதியிருக்கலாம். குளிர்ந்த அறையில் தாங்குவதை எழுதியிருக்கலாம். நம் கடையில் மிளகாய் மூட்டைக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவே, சித்திரை வெயிலில், விசிறியில் மாவுத் தூசி அடைத்துக்கொண்டு காலை முதல் இரவு வரை ஓட வேண்டும். சூடு ஏற ஏறத் தாங்கும் அளவு இறங்கும். ஆகவே 450 என்ற பொய்யைவிட 250 என்ற உண்மை மேல்.

வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள். வெல்லத்தைத் தூக்கியே எடை சொல்லும் கை நம்முடையது. நல்ல பெட்டி கனக்கும். மட்டமானதில் செம்புச் சுருளும் சூடு தணிக்கும் அலுமினியத் தகடும் குறைத்திருப்பார்கள். வயரில் 18 என்ற எண் இருந்தால் நல்லது. 20, 22 என்று எண் கூடக் கூட வயர் மெலியும். வேலை நடக்கும்போது மெக்கானிக்கை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 12 வோல்ட் இடத்தில் 11.4க்குக் கீழே இறங்கினாலோ 12.6க்கு மேலே ஏறினாலோ அந்தப் பெட்டி வேண்டாம்.

கம்ப்யூட்டர் விற்பவரும் வியாபாரிதான். அவருக்கும் மூடிய பெட்டியாகத்தான் வருகிறது. பெயர் அச்சடித்து அனுப்புகிறவரைத்தான் பிடிக்க வேண்டும். 12 வோல்ட்டில் இடைவிடாமல் எத்தனை வாட் என்பதைப் பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்ற கோரிக்கையை நம் சங்கங்கள் எழுப்ப வேண்டும். புளிக்கும் பருப்புக்கும் நிகர எடை உண்டென்றால் இதற்கு ஏன் இல்லை?

ஆனால் நம் பக்கமும் தவறு இருக்கிறது. இருநூறு ரூபாய் மிச்சம் என்று பில் இல்லாமல் வாங்குகிறோம். பில் இருந்தால், தன் பிழைப்புக்காகத் தானே கடை நடத்தும் சிறு வியாபாரிக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையிட வழி உண்டு. பில் இல்லாதவர் எதைக் காட்டிக் கேட்பார்?

ஒன்று மட்டும் வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க நீங்களே திருகாணியைக் கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே முந்நூறு வோல்ட் வரை தங்கியிருக்கும். மெக்கானிக் திறக்கட்டும்; பக்கத்தில் நின்று பாருங்கள்.