மலேசியாவில் கைதானால் நடப்பது என்ன?

நமது ஜில்லாக்களிலிருந்து மலேசியாவுக்குக் கூலி வேலைக்குப் போன ஒருவன் குடியேற்ற இலாகாவாரிடம் பிடிபட்டான் என்று சேதி வந்தால், அவனது தாய் தகப்பன்மார் முதலில் ஓடுவது எங்கே? சோசியன் வீட்டுக்கு. அவன் ஏழரைச் சனி என்பான். பரிகாரத்துக்குப் பணம் கேட்பான். அடுத்தாற்போல் ஓடுவது, பையனை ஏற்றி அனுப்பிய ஏஜண்டு வீட்டுக்கு. அவனும் "எல்லாம் தலையெழுத்து" என்று கையை விரிப்பான். தலையெழுத்து என்ற ஒரே வார்த்தை சோசியனுக்கு வருமானமாகவும் ஏஜண்டுக்குத் தப்பும் வழியாகவும் இருப்பதை நமது ஜனங்கள் கவனிக்க வேண்டாமா?

கைது என்பது கிரகத்தின் வேலையல்ல. மனிதன் எழுதி வைத்த சட்டத்தின் வேலை. சனியை யாரும் படித்தறிய முடியாது; சட்டத்தைப் படித்தறியலாம். ஆகவே அது என்ன சொல்லுகிறதென்று பார்ப்போம்.

மலேசிய அரசியல் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி, கைதான எவனையும் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஆனால் குடியேற்றச் சட்டத்தின் கீழ் கைதான அந்நியனுக்கு அதே பிரிவு 14 நாள் என்று மாற்றிச் சொல்லுகிறது. எனவே முதல் இரண்டு வாரம் பையனைப் பற்றிச் சேதியே வராமலிருக்கலாம். அதனால் அவன் செத்துவிட்டான் என்று அழ வேண்டியதில்லை. சும்மா இருக்கவும் கூடாது. கைதின் காரணத்தை அறியவும், தன் வக்கீலைக் கலந்து பேசவும் அவனுக்கு உரிமை உண்டென்று அதே 5-வது பிரிவு சொல்லுகிறது.

பிறகு வழக்கு. அனுமதிச் சீட்டே இல்லாமல் நுழைந்தவனுக்கு அல்லது இருந்தவனுக்கு 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 5 வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். அத்துடன் 6 பிரம்படி வரை விதிக்கலாம். இந்தப் பிரம்படி 2002-ல் செய்த திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. பெண்களுக்கும் 50 வயது கடந்த ஆண்களுக்கும் அடியில்லை. முறைப்படி நுழைந்து, கெடு தாண்டித் தங்கியவனுக்கு வேறு பிரிவு. அதில் அபராதமும் சிறையும் உண்டு, பிரம்படி கிடையாது. இந்த வித்தியாசம் தெரியாமல், பாஷையும் புரியாமல், "ஒப்புக்கொண்டால் சீக்கிரம் ஊருக்குப் போகலாம்" என்று எவனோ சொன்னதைக் கேட்டுத் தலையாட்டுகிறவன் கதி என்ன? எந்தப் பிரிவில் வழக்கு என்று கேட்பதும், தமிழில் மொழிபெயர்த்துச் சொல்லக் கேட்பதும் முதல் காரியமாகும்.

தண்டனை முடிந்ததும் விடுதலை என்று எண்ண வேண்டாம். நாடு கடத்தும் வரை குடியேற்றக் காவல் முகாமில் வைத்திருக்கலாம். அதற்குச் சட்டத்தில் கெடு இல்லை, "தேவையான காலம்" என்றே இருக்கிறது. பாஸ்போர்ட்டு இல்லையென்றால் இந்திய ஹைக்கமிஷன் தரும் அவசரச் சான்று வேண்டும். கப்பலோ விமானமோ, பயணச் சீட்டு வேண்டும். இவ்விரண்டும் தாமதமானால் காவலும் நீளும்.

ஆகையால் வீட்டார் செய்ய வேண்டியது இதுதான். பாஸ்போர்ட்டு நகல், முதலாளியின் விலாசம், கைதான தேதி, இடம் ஆகியவற்றை எழுதி, கோலாலம்பூர் இந்திய ஹைக்கமிஷனுக்கும், சென்னையிலுள்ள அயலகத் தமிழர் நல இலாகாவுக்கும் உடனே அனுப்ப வேண்டும். வெளியுறவு இலாகா 2015-ல் ஏற்படுத்திய "மதத்" என்னும் இணைய வழியிலும் முறையிடலாம். பரிகாரத்துக்கு வைத்த பணத்தைப் பயணச் சீட்டுக்கு வைத்தால் பையன் சீக்கிரம் வீடு வருவான்.

நிற்க, அடிபடுகிறவன் யார், கொழுக்கிறவன் யார் என்பதையும் கேட்கிறோம். அனுமதியில்லாத ஆளை வேலைக்கு வைத்த முதலாளிக்கும் அச்சட்டத்தில் தண்டனை உண்டு. 5 பேருக்கு மேல் வைத்தால் அவனுக்கும் பிரம்படி உண்டு. பிறர் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பதும் குற்றமே. அப்படியிருக்க, பாஸ்போர்ட்டைப் பெட்டியில் பூட்டி, பர்மிட்டைப் புதுப்பிக்காமல் விட்ட முதலாளியின் குற்றத்துக்குக் கூலிக்காரன் முதுகு வளைவது என்ன நியாயம்? எழுதப்படாத சீட்டுக்காக மனிதனை மாட்டைப் போல் அடிப்பதை எந்தத் தேசத்தார் செய்தாலும் அதை நாகரிகம் என்று நாம் ஒப்ப முடியாது.

கடைசியாக, போகத் துணியும் வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 டிசம்பரில் மலேசியா இந்தியர்களுக்கு விசாயில்லாமல் 30 நாள் வந்து போகச் சலுகை தந்தது. அது சுற்றிப் பார்க்கத் தந்ததேயொழிய வேலை செய்யத் தந்ததல்ல. "போய் இறங்கு, பர்மிட் பிறகு வரும்" என்கிற ஏஜண்டு உன்னைக் காவல் முகாமுக்கே ஏற்றுகிறான். 1983-ம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி அவன் பதிவு பெற்றவனா என்று முதலில் கேள். நாள் பார்த்துப் புறப்படுவதைவிடச் சீட்டைப் பார்த்துப் புறப்படுவதே அறிவுடைமையாகும்.