லென்ஸும் கிணற்றுத் தண்ணீரும்

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் யாராவது கெட்டியான கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் இருந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

பல வருடங்களுக்கு முன் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைத் திருமலைக்கு அழைத்துப் போயிருந்தேன். பாறையில் செதுக்கிய நேமிநாதர் முன்னால் நின்று ஒரு பையன், "சார், சிலை ரெண்டு ரெண்டா தெரியுது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எந்நேரமும் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பான். அதற்கும் திட்டியிருக்கிறேன்.

பிறகு சென்னையில் காட்டியபோதுதான் அது கெரட்டோகோனஸ் என்று தெரிந்தது. கருவிழி மெலிந்து கூம்பு மாதிரி முன்னால் பிதுங்கும் நோய். பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கும். கண்ணைக் கசக்கக் கசக்க இன்னும் மோசமாகும். முற்றிவிட்டால் மூக்குக் கண்ணாடி போதாது. சட்டைப் பித்தான் அளவுகூட இல்லாத அந்த லென்ஸைப் போட்டால், அதற்கும் கருவிழிக்கும் நடுவில் கண்ணீர் நிரம்பி மேடுபள்ளத்தைச் சமன் செய்துவிடும். பார்வை தெளியும். அவனுக்கும் தெளிந்தது. ஆரணியில் தறியில் உட்கார்ந்து ஜரிகை இழை எண்ணி நெய்தான்.

ஒருநாள் லென்ஸ் சொல்யூஷன் தீர்ந்துபோயிற்று. "நம்ம கிணத்துத் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே, அதுல அலசிக்கோடா" என்று வீட்டில் சொன்னார்கள். செலவு மிச்சம் என்று அதையே சில வாரம் செய்தான். அகாந்தமீபா என்ற கிருமி இடது கண்ணில் புகுந்துவிட்டது. எட்டு மாதம் தறிப் பக்கமே போகவில்லை.

அந்தக் கிருமி கிணறு, போர், குழாய் எல்லாத் தண்ணீரிலும் இருக்கக்கூடியது. குளோரினுக்கும் சுலபத்தில் சாகாது. ஆர்.ஓ. தண்ணீர், கேன் தண்ணீர் குடிக்கத்தான், லென்ஸுக்கு இல்லை. அந்தக் காலத்தில் ஹார்டு லென்ஸ் போட்டவர்கள் சிலர் "நாங்க குழாயிலதான் கழுவினோம்" என்பார்கள். உண்மைதான், அப்போது அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இன்று கண் மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள். எச்சில் தொட்டுப் போடுகிறவர்களை என்ன சொல்ல!

சாயம் போடுகிறவர் தண்ணீர் பார்க்காமல் பட்டு நூலை நனைப்பாரா? காஞ்சிபுரத்துக்காரர்கள் புடவையின் பளபளப்பே பாலாற்றுத் தண்ணீரால்தான் என்பார்கள். நூலுக்கு இவ்வளவு பார்க்கிற நாம் கண்ணுக்குப் பார்ப்பதில்லை. பிள்ளை சொல்யூஷன் ஊற்றினால் "எவ்வளவு காசு, இப்படிக் கொட்டுறியே" என்று கத்துகிறோம். என் கோபம் பையன் மேல் இல்லை, இந்தப் பேச்சின் மேல்தான்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. கையை சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் லென்ஸைத் தொடணும். கழற்றியதும் உள்ளங்கையில் வைத்து, கிளீனர் விட்டு, விரல் நுனியால் மெதுவாகத் தேய்க்கணும். இரண்டு விரலுக்கு நடுவில் அழுத்தித் தேய்த்தால் வளையும், உடையும். மருத்துவர் எழுதிக் கொடுத்த சலைனில் அலசி, டப்பாவில் புது சொல்யூஷன் ஊற்றிப் போடணும். நேற்றையதன் மேலேயே கொஞ்சம் ஊற்றி நிரப்பக் கூடாது. டப்பாவையும் சொல்யூஷனால் அலசிக் கவிழ்த்துக் காய வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றணும். குளிக்கும்போது லென்ஸ் கண்ணில் இருக்கக் கூடாது.

கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் கூசினால் உடனே கழற்றிவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். டப்பாவையும் எடுத்துப் போங்கள். மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து கேட்டு வாங்கி நாளைக் கடத்தாதீர்கள். அவன் அப்படித்தான் பத்து நாள் கடத்தினான்.

இடது கண்ணில் வெள்ளையாகத் தழும்பு நின்றுவிட்டது. வலது கண்ணுக்கு மட்டும் இப்போது லென்ஸ் போடுகிறான். போன மாதம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். வாஷ்பேசின் பக்கத்தில் இருந்த லென்ஸ் டப்பாவைக் காணோம். அவன் அம்மா அதைச் சாமி அலமாரிக்குப் பக்கத்தில், தண்ணீர் படாத தட்டில் வைத்திருக்கிறார். பக்கத்திலேயே பிரிக்காத சொல்யூஷன் பாட்டில் ஒன்று.