‘பொருத்தம்’ என்றால் அடையாளம் அல்ல: கணினியின் சொற்களும் பொலிஸாரின் கைவிலங்கும்

ஐக்கிய அமெரிக்காவின் டெட்ரோயிட் நகரிலுள்ள கடையொன்றில் 2018 ஒக்டோபரில் சுமார் 3,800 டொலர் பெறுமதியான கைக்கடிகாரங்கள் திருடப்பட்டன. பாதுகாப்புக் கமெராவில் பதிவான மங்கலான படம் முகங்களை அடையாளம் காணும் மென்பொருளில் இட்டுத் தேடப்பட்டது. ரொபேர்ட் வில்லியம்ஸ் என்ற கறுப்பினத்தவரின் பழைய சாரதி அனுமதிப்பத்திரப் படம் ‘பொருந்துவதாக’ வந்தது. 2020 ஜனவரியில், மனைவி பிள்ளைகளின் கண்முன்னே அவர் கைதுசெய்யப்பட்டு, சுமார் 30 மணித்தியாலங்கள் தடுத்துவைக்கப்பட்டார். ஆனால், திருடியவர் அவரல்ல.

இங்கே பிழைத்தது மென்பொருள் மட்டுமல்ல. ‘பொருத்தம்’ என்ற சொல்லைப் பொலிஸார் விளங்கிக்கொண்ட விதமும் பிழைத்தது.

கணினி ஒரு முகத்தை எண்களின் தொடராக மாற்றி, தரவுத்தளத்திலுள்ள ஏனைய முகங்களின் எண்களோடு ஒப்பிடுகிறது. எது எவ்வளவு நெருங்கி வருகிறது என்று புள்ளியிட்டு வரிசைப்படுத்துகிறது. தேடப்படுபவரின் படம் அந்தத் தரவுத்தளத்திலேயே இல்லாவிட்டாலும், வரிசையின் முதலிடத்தில் யாரோ ஒருவர் இருக்கத்தான் செய்வார்.

எத்தனை புள்ளிக்கு மேல் பொருத்தம் எனக் கொள்வது என்பதே ‘எல்லைப் பெறுமதி’. அதை முடிவுசெய்வது மனிதர்கள். தாழ்த்தினால் அப்பாவிகள் சிக்குவார்கள். உயர்த்தினால் தேடப்படுபவர் தப்பிவிடலாம்.

மூன்றாவது சொல் ‘பயிற்சித் தரவு’. எவ்வகை முகங்களை அதிகம் காட்டிப் பழக்குகிறோமோ, அவற்றையே இயந்திரம் நன்றாகப் பிரித்தறியும். அமெரிக்காவின் தேசிய தர நிர்ணய மற்றும் தொழில்நுட்ப நிறுவகம் 2019 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, பல மென்பொருள்களில் கறுப்பின, ஆசிய முகங்களுக்கான தவறான பொருத்தங்கள் வெள்ளையரை விட 10 முதல் 100 மடங்கு வரை அதிகமாக இருந்தன.

இன்னொரு வேறுபாடும் முக்கியமானது. ‘இவர் தான் கூறும் ஆள்தானா?’ என்று ஒரு முகத்தை ஒரு படத்தோடு ஒப்பிடுவது சரிபார்த்தல். ‘இவர் யார்?’ என்று இலட்சக்கணக்கான படங்களுக்குள் தேடுவது வேறு. 10,000 ஒப்பீடுகளுக்கு ஒரு பிழை என்று வைத்துக்கொண்டாலும், 10 இலட்சம் படங்களுக்குள் தேடும்போது 100 அப்பாவிகள் பட்டியலில் வரக்கூடும்.

வில்லியம்ஸின் வழக்கு 2024 ஜூனில் 300,000 டொலர் இழப்பீட்டுடன் சமரசமானது. மென்பொருளின் முடிவை மட்டும் வைத்து எவரையும் கைதுசெய்யக்கூடாது என்பதற்கும் டெட்ரோயிட் பொலிஸார் உடன்பட வேண்டியிருந்தது.

இது நமக்குத் தூரத்துக் கதையல்ல. இந்திய நிதியுதவியுடனான இலங்கையின் டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டம் முகம், கைரேகை, கருவிழிப் பதிவுகளைத் திரட்டுவதை உள்ளடக்கியது. அந்த முகங்கள் சரிபார்ப்பதற்கு மட்டுமா, பொலிஸாரும் படையினரும் தேடுவதற்குமா? எல்லைப் பெறுமதியைத் தீர்மானிப்பவர் யார்? தவறாகச் சுட்டப்பட்டவர் எங்கே முறையிடுவது? இவற்றுக்கான பதில் சட்டத்தில் தெளிவாக எழுதப்பட வேண்டும்.

சுற்றிவளைப்புகளில் முகமூடியணிந்த தலையாட்டியின் ஓர் அசைவுக்காக இளைஞர்கள் கொண்டுசெல்லப்பட்ட காலத்தை வடக்கு கிழக்கு மக்கள் மறக்கவில்லை. ‘ஏன் என்னைக் காட்டினாய்?’ என்று அவனிடம் கேட்க யாருக்கும் வழியிருக்கவில்லை. கணினி இடும் புள்ளியையாவது நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை, முகங்கள் திரட்டப்படுவதற்கு முன்னரே உறுதிசெய்யப்பட வேண்டும்.